மிஷின் உளி வாங்கப் போகிறீர்களா? மரச் செதுக்கு வேலைக்கு முன்பின் துடிக்கும் கருவியைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய் "மரம் செதுக்குற மிஷின் இருக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் டை கிரைண்டரை எடுத்துக் காட்டுவார்கள். அது வேண்டாம் என்றால் மரத்தில் பள்ளம் எடுக்கிற ரூட்டர். அதுவும் வேண்டாம் என்றால், "சி.என்.சி. போடுற இடத்துக்குக் கதவைக் கொண்டு போயிடுங்க" என்று வழி சொல்லி அனுப்பிவிடுவார்கள். உளியே முன்னும் பின்னும் துடித்து மரத்தைச் சீவுகிற கருவி ஒன்று இருப்பது பல கடைக்காரர்களுக்கே தெரியாது. இணையத்தில் தேடினால் குழப்பம் இன்னும் கூடும். "ரெசிப்ரோகேட்டிங்" என்று அடித்தால் கிளை வெட்டுகிற ரம்பம்தான் வரிசையாக வந்து நிற்கும். அதை வைத்துப் பூவிதழ் செதுக்க முடியாது.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கொட்டகையில் நிலைவாசல், பூஜையறைக் கதவு, ஊஞ்சல் பலகை என்று செய்து பிழைக்கிறவன் நான். இந்தக் கருவியில் இரண்டை வாங்கிக் கெடுத்த பிறகுதான் மூன்றாவது ஒழுங்காக அமைந்தது. இரண்டு தடவையும் நான் செய்த தப்பு ஒன்றுதான்: மோட்டாரைப் பார்த்து வாங்கினேன். வாங்க வேண்டிய வரிசை தலைகீழ். முதலில் மரம், அப்புறம் உளியின் வாய், அப்புறம் உளியின் தண்டு, கடைசியில்தான் மோட்டார். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

முதலில், அது என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உள்ளே மோட்டார் சுற்றுகிறது. அந்தச் சுழற்சியை மையம் விலகிய ஒரு சக்கரம் முன்பின் அசைவாக மாற்றி உளிக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு அசைவும் மிகக் குறுகியது, ஆனால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் வரும். கொட்டாப்புளியால் ஓங்கி ஒரு அடி அடிப்பதற்குப் பதிலாக, எறும்பு கடிப்பதுபோல நூற்றுக்கணக்கான கடி. முதல் தடவை என் கொட்டகையில் இது ஓடியதைப் பார்த்த ஒரு வயதான ஆசாரி, "இன்னா தம்பி, எலி கொறிக்கிற மாதிரி கீது" என்றார். சரியான வருணனை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கையில் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் திருப்பித் தரவில்லை. மணிக்கட்டு வலியால் கொட்டாப்புளியை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது அவருக்கு.

நல்ல கருவியில் இன்னொரு குணம் உண்டு. சுவிட்சைப் போட்டதும் உளி துடிக்காது. வாயை மரத்தில் வைத்து அழுத்தினால்தான் துடிப்பு தொடங்கும், எடுத்தால் நின்றுவிடும். இதனால் ஒரு கோட்டின் நுனியில் உளியைச் சரியாக ஊன்றிவிட்டு அப்புறம் வெட்டை ஆரம்பிக்கலாம். சுழலும் கருவிகளில் இந்த வசதி கிடையாது. அவற்றில் மாட்டுகிற பர் பிட்டு, அதாவது சுழன்று அரைக்கிற பல் முனை, மரத்தைத் தொட்ட உடனே ஓடிவிடும். அதோடு, பர் பிட்டு மரத்தை மாவாக்குகிறது, மிஷின் உளி சீவலாக எடுக்கிறது. ஒரு நாள் வேலை முடிந்து மூக்கைச் சிந்தினால் இந்த வித்தியாசம் தெரியும்.

எதற்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிமரத்திலிருந்து உருவம் பிரிக்க இது வேண்டாம், அதற்குச் சங்கிலி ரம்பம் இருக்கிறது. கதவுப் பலகையில் தளத்தைச் சமமாக இறக்குவதற்கும் ரூட்டர்தான் வேகம். இறக்கிய தளத்துக்கு மேல் நிற்கிற யானை முதுகு, தாமரை இதழ், கொடியின் மடிப்பு என்று மேடும் பள்ளமுமாக உருட்ட வேண்டிய இடத்தில்தான் மிஷின் உளி தன் காசை மீட்டுத் தரும். கண், மூக்கு, நகம் போன்ற கடைசி நுணுக்கத்துக்குத் திரும்பவும் கை உளிதான்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆசைக்குச் செதுக்குகிறவர் என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். அந்தப் பணத்துக்கு நல்ல எஃகில் ஆறு கை உளி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் மரம் எது?

மூன்று மாதத்தில் உங்கள் கைக்கு வந்த மரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். நம் பக்கம் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

மாமரம் நிறைய. தோட்டங்களில் வயதான மரங்களைக் கழிக்கும்போது மலிவாகக் கிடைக்கும். வெட்டுவதற்கு இணக்கமானது, சின்ன மோட்டாருக்கே கேட்கும். ஆனால் ஈரத்தோடு போட்டு வைத்தால் கறை பிடிக்கும், பூச்சி விழும். வேம்பில் இழைகள் பின்னிக் கிடக்கும். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகிற உளி, இரண்டு அங்குலம் தள்ளி அதே திசையில் மரத்தைப் பிய்த்து எடுக்கும். வாகையும் அப்படித்தான், அதோடு அதன் தூள் தும்மலைக் கிளப்பும். பக்கத்துச் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியிலும், 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற பெரம்பலூர் அரும்பாவூரிலும் சிற்பிகள் வாகையைத்தான் பெரிதும் நம்புகிறார்கள். தும்மினாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு அது நல்ல மரம்.

தேக்கு மென்மையாக வெட்டுப்படும், ஆனால் அதற்குள் இருக்கிற சிலிக்கா, அதாவது மணல் சத்து, வாயைச் சீக்கிரம் மழுக்கிவிடும். தேக்கில் வேலை செய்கிறவர் மோட்டாருக்குச் செலவழிப்பதைவிடச் சாணைக்குச் செலவழிக்க வேண்டும். புளி என்றால், அதுவும் வைரம் பாய்ந்த புளி என்றால், கசாப்புக் கடைக் கட்டையாகக் கிடப்பதிலிருந்தே அதன் குணம் தெரியும். அதைச் செதுக்க நினைத்தால் சின்னக் கருவியை மறந்துவிடுங்கள்.

பட்டியலில் மா, தேக்கு, பூவரசு என்றே இருந்தால் 50 வாட்டில் ஒரு சின்னக் கருவி போதும். வேம்பும் வாகையும் அதிகம் என்றால் நடுத்தரம். புளி, கருவேலம் என்றால் கிரைண்டரில் மாட்டுகிற வகைக்குப் போக வேண்டும், அல்லது கொட்டாப்புளியோடேயே இருந்துவிடலாம்.

படி 2: வாயும் தண்டும்

மோட்டார் கெட்டால் சரிசெய்ய ஊருக்கு ஊர் ஆள் உண்டு. ஆனால் உளி கிடைக்கவில்லை என்றால் கருவி காகிதம் பறக்காமல் மேலே வைக்கிற வெறும் பாரம்தான். நான் முதலில் வாங்கிய பெயர் தெரியாத கருவிக்கு நடந்தது அதுதான். பெட்டியில் ஐந்து உளி வந்தது. வளைவு உளி இரண்டாம் மாதமே முனை உடைந்தது. தண்டின் அளவு வேறு எதோடும் ஒத்துப்போகவில்லை. லேத்துப் பட்டறையில் கொடுத்துத் தண்டு கடைந்து பார்த்தேன், அது பிடிப்பில் ஆடியது. ஆடுகிற உளி கோட்டை மீறும்.

அதனால் முதலில் உளி எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். அமெரிக்காவின் ஃபிளெக்ஸ்கட் நிறுவனத்தின் மிஷின் உளிகள் ஆட்டோமாக், ரியோபி, வீச்சியர், புரோக்ஸான், ஃபோர்டம் கைப்பிடி என்று பல கருவிகளுக்கும் பொருந்தும்படி செய்யப்படுகின்றன. இந்தக் குடும்பத்துத் தண்டை ஏற்கிற கருவியை வாங்கினால், நாளைக்கு ஒரு நிறுவனம் நின்றுபோனாலும் உளி கிடைக்கும். கிரைண்டரில் மாட்டும் வகைகளை இந்தக் குடும்பத்தில் சேர்த்து எண்ணிவிடாதீர்கள். வாங்கும் முன் உளி பொருந்துமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

எத்தனை உளி வேண்டும்? பத்து, பன்னிரண்டு அடங்கிய செட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு தட்டை உளி, ஆழம் குறைந்த அகல வளைவு ஒன்று, ஆழமான குறுகிய வளைவு ஒன்று, ஒரு வி உளி. நான்கு. என் வேலையில் முக்கால்வாசி ஆழம் குறைந்த வளைவு உளியிலேயே முடிந்துவிடுகிறது. மீதியைத் தேவை வரும்போது ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

படி 3: நான்கு வகையில் எது?

முதல் வகை, தனிக் கருவி. கைப்பிடிக்குள்ளேயே மோட்டார். ஜெர்மன் பிராண்டான புரோக்ஸானின் எம்.எஸ்.ஜி. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 50 வாட், நிமிடத்துக்கு 10,000 துடிப்பு, எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. ஜப்பானின் ஆட்டோமாக் இந்த வகையில் பழைய கை. கதவு, பூஜை மாடம் அளவில் வேலை செய்கிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓடும். ஆனால் மலிவு ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மோட்டார் உறுமிக்கொண்டு சூடாகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தொங்கும் மோட்டார். மோட்டார் கொக்கியில் தொங்கும், வளையும் தண்டு வழியாக விசை கைப்பிடிக்கு வரும், வேகத்தைக் கால் மிதியால் கட்டுப்படுத்தலாம். நகைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். ஃபோர்டமின் எச்.50 வகைக் கைப்பிடியை இதில் மாட்டினால் மிஷின் உளி, கழற்றிவிட்டு வேறு கைப்பிடி மாட்டினால் பர் பிட்டு. ஏற்கெனவே தொங்கும் மோட்டார் வைத்திருக்கிறவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. கையில் கனமும் குறைவு. குறை என்னவென்றால், தண்டின் நீளம் தாண்டிப் போக முடியாது. ஏழடி நிலைவாசலைப் படுக்கப் போட்டு வேலை செய்யும்போது மோட்டார் கொக்கியைப் பலகையோடு நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுவது. ஆஸ்திரேலியாவின் ஆர்பர்டெக் நிறுவனத்தின் பவர் சிசல் இந்த வகை. அதைப் பார்த்துச் செய்த மலிவு வகைகளும் நிறைய உலாவுகின்றன. நம் ஊரில் 4 அங்குல கிரைண்டரின் முனை பெரும்பாலும் எம்10 மரை, 5 அங்குலத்தில் பெரும்பாலும் எம்14. மாட்டும் பாகம் எந்த மரைக்கு என்று பார்க்காமல் வாங்கினால் வீண். சுற்று வேகத்தையும் பாருங்கள்: கிரைண்டரின் தகட்டில் எழுதியிருக்கிற வேகம், மாட்டும் பாகம் தாங்கும் வேகத்துக்குள் இருக்க வேண்டும். பலம் அதிகம், புளியும் பயப்படும். ஆனால் கிரைண்டரும் தலையும் சேர்ந்து இரண்டு கிலோவுக்கு வந்துவிடும், சத்தமும் அதிகம். வேகக் கட்டுப்பாடு உள்ள கிரைண்டராக இருந்தால்தான் இந்த வழிக்கு வாருங்கள்.

நான்காவது, காற்றில் ஓடுவது. பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறைகளில் கம்ப்ரஸர் வைத்துக் கல் செதுக்குகிறார்களே, அந்தக் காற்றுச் சுத்தி. "அதையே மரத்துக்குப் போடலாமே?" என்று கேட்காத ஆள் இல்லை. போடலாம். சிறிய காற்றுச் சுத்தியில் மரத்துக்கென்று தண்டு கடைந்த உளியைப் போட்டுப் பெரிய சிலை செய்கிறவர்கள் உண்டு. ஏற்கெனவே கம்ப்ரஸர் இருக்கிற கல் பட்டறைக்காரருக்கு இது வழி. மரக் கொட்டகைக்காரர் இதற்காகக் கம்ப்ரஸர் வாங்குவது பால் குடிக்க மாடு வாங்கின கதை. டீசல் செலவு, சத்தம், குழாயில் தண்ணீர் என்று பின்னாலேயே ஒவ்வொன்றாக வரும்.

அப்புறம், சுவர் உடைக்கும் ஹாமர் டிரில்லில் மர உளி மாட்டலாம் என்று காட்டும் வீடியோக்கள். மரப்பட்டை உரிக்கச் சரி. அதோடு விட்டுவிடுங்கள்.

படி 4: கருவியின் தகட்டைப் படியுங்கள்

என் இரண்டாவது கருவி இங்கே போனது. ஜப்பானிலிருந்து வந்த பழைய சரக்கு என்று பெங்களூரில் ஒரு கடையில் வாங்கினேன். பார்க்கப் புதுசு மாதிரி. கொட்டகைக்கு வந்து ப்ளக்கை மாற்றிச் சொருகினேன். நான்கு விநாடி அருமையாக ஓடியது. ஐந்தாவது விநாடி புகை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. அழுத்தம் இரண்டேகால் மடங்குக்கு மேல் ஏறினால் சூடு அதன் இருமடியில் ஏறும், அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். சுருள் தாங்குமா? விற்றவர் சொல்லவில்லை, நானும் தகட்டைப் படிக்கவில்லை.

தகட்டில் பார்க்க வேண்டியவை: வோல்ட் 220 முதல் 240 என்று இருக்க வேண்டும். வாட் எவ்வளவு, துடிப்பு அல்லது சுற்று எவ்வளவு என்று இருக்கும். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் இரட்டைக் காப்பு, எர்த் கம்பி இல்லாமலே பாதுகாப்பு. அந்தக் குறி இல்லை என்றால் மூன்று முனை ப்ளக்கும் ஒழுங்கான எர்த்தும் கட்டாயம். 100 வோல்ட் கருவிதான் கிடைக்கிறது என்றால் இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கருவியின் வாட்டைப் போல இரண்டு மடங்காவது திறன் உள்ளதாக வாங்குங்கள். அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பல சமயம் 230 வோல்ட் கருவியே மலிவாகிவிடும்.

கிராமத்தில் பம்புசெட்டு ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். துடிப்பு மந்தமாவது காதிலேயே தெரியும். அப்போது அழுத்தி வேலை வாங்காதீர்கள்.

படி 5: கடையில் சோதிப்பது

தர்மபுரியில் இந்தக் கருவியை ஓட்டிப் பார்த்து வாங்குவது கடினம். ஓசூர், சேலம் அல்லது பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோடு வரை போக வேண்டியிருக்கும். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், ஒரு நாள் கூலியோடு முடிந்துவிடும். போகும்போது பையில் உங்கள் மரத்தில் ஓரடித் துண்டு, ஒரு சி கிளாம்ப், கூராகத் தீட்டிய உங்கள் உளி ஒன்று (தண்டு பொருந்தினால்). கடைக்காரர் தருகிற பால்சா மாதிரியான மெத்து மரத்தில் எந்தக் கருவியும் நன்றாகத்தான் ஓடும்.

சுவிட்சைப் போட்டு, உளியை எதிலும் படாமல் பிடியுங்கள். உளி சும்மா இருக்க வேண்டும். கிளாம்ப் போட்ட மரத்தில் இழை போகும் திசையில் ஒரு வெட்டு, குறுக்கே ஒரு வெட்டு, முனை முகத்தில், அதாவது மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில், ஒரு வெட்டு. குறுக்கே போகும்போது மோட்டார் சத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று கேளுங்கள். கொஞ்சம் இறங்கினால் இயல்பு, முனகினால் வேண்டாம். பிறகு கருவியை நிறுத்தி உளியை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். முன்பின் அசைவு இருக்கலாம், பக்கவாட்டில் ஆடக் கூடாது.

அடுத்தது யாரும் செய்யாத சோதனை. பத்து நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கைப்பிடி வெதுவெதுப்பாகலாம். பிடிக்க முடியாமல் சுட்டால் திருப்பி வைத்துவிடுங்கள். முடிந்ததும் கருவியைக் கீழே வைத்து உங்கள் விரலைப் பாருங்கள், மரத்துப் போயிருக்கிறதா? கையில் ஏறும் அதிர்வுக்கு ஐரோப்பிய விதி ஒரு அளவு வைத்திருக்கிறது: எட்டு மணி நேரக் கணக்கில் 2.5 மீட்டர்/விநாடி² தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 தாண்டவே கூடாது. நல்ல கருவியின் கையேட்டில் அதிர்வு அளவு அச்சிட்டிருக்கும். அச்சிடாத கருவியை உங்கள் விரல்தான் அளக்க வேண்டும்.

கடைசியாக, கார்பன் பிரஷ் மாற்றுகிற மூடி வெளியே தெரிகிறதா என்று கேளுங்கள். பிரஷ் தேய்கிற சாமான், அதற்காகக் கருவியையே பிரிக்க வேண்டியிருந்தால் தலைவலி. ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் தருகிறேன், விலையைக் குறைக்கிறேன் என்றால், அந்தக் குறைப்பு உங்கள் வாரன்டிக்கான விலை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: முதல் வாரம்

எல்லாப் புது உளியும் கடையிலிருந்து கூராக வருவதில்லை. வாய்ச் சரிவு மா, தேக்குக்கு 20 டிகிரி பக்கம், வாகை, வேம்புக்கு 25 பக்கம். 1000 நம்பர் தண்ணீர்க் கல்லில் பிசிறு எழும்வரை தீட்டி, பழைய தோல் பெல்ட்டை ஒரு பலகையில் ஒட்டி பஃபிங் சோப்பு தடவி அதில் இழுத்துப் பிசிறை எடுங்கள். முன்கை ரோமம் மழியும் கூர் வர வேண்டும். வேலையின் நடுவே கால் மணிக்கு ஒருமுறை தோலில் நாலு இழுப்பு. "மிஷின் இழுக்கவில்லை" என்று என்னிடம் கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலானவர்களின் மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது, மழுங்கின வாயோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

மரத்தை எப்போதும் கிளாம்ப் போட்டே செதுக்குங்கள், தொடையில் வைத்துச் செய்யவே கூடாது. வலது கை கருவியில் இருந்தால், இடது கை விரல் இரண்டு உளியின் தண்டருகே திசை காட்டலாம். வாய்க்கு முன்னால் எந்த விரலும் போகக் கூடாது. அழுத்தினால் மட்டும் துடிக்கும் கருவி என்பதால் பாதுகாப்பு என்று நினைக்கத் தோன்றும். விரலை அழுத்தினாலும் அது துடிக்கும்.

கண்ணாடி, வாகைக்கு முகமூடி, கிரைண்டர் வகைக்குக் காதடைப்பு. பதினைந்து நிமிடம் ஓட்டினால் ஐந்து நிமிடம் கைக்கு ஓய்வு. அந்த ஐந்து நிமிடத்தில்தான் தோலில் உளியை இழுக்க வேண்டும்.

முதல் வாரம் வாடிக்கையாளர் கதவில் கை வைக்காதீர்கள். கழித்துப் போட்ட மாம்பலகை ஒன்றில் ஆறு தாமரை போடுங்கள். முதல் இரண்டில் இதழ் ஓரம் பிய்ந்து போகும், இழை திரும்புகிற இடத்தில் உளியின் திசையையும் திருப்பக் கை பழகவில்லை என்று அர்த்தம். ஆறாவது தாமரையில் ஓரம் பிய்யாமல் வந்தால் நிலைவாசலைக் கொண்டுவந்து பலகை மேல் போடலாம்.